அமேசான் கிழங்கும் சாத்தம் மழையும்

ஏப்ரல் கடைசியில் இருக்கிறோம். கேரளத்துக்கு மழை ஜூன் 1 என்றால், நம் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு மே மூன்றாவது வாரத்திலேயே வந்து இறங்கிவிடும். அதற்குள் முடிக்க வேண்டிய ஒரு வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அபூர்வமான பூங்கிழங்குகளை நம் வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது எப்படி, எதை வளர்க்கலாம், எதற்கு ஆசைப்படக் கூடாது என்பதுதான் விஷயம்.

கிழங்கு என்றதும் மரவள்ளியை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது நர்சரியில் ‘பல்ப்’ என்று விற்கிறார்களே, வெங்காயம் போல அடுக்கடுக்காக இருக்குமே, அது. நம் வீடுகளில் மார்ச், ஏப்ரலில் திடீரென்று ஒரு தண்டு எழும்பி, எக்காளம் மாதிரி சிவப்புப் பூ விடுகிற லில்லி இருக்கிறதல்லவா? அதன் பிறந்த ஊரும் வெப்பமண்டல அமெரிக்காதான். ஆக, இந்தக் குடும்பத்தில் ஒன்று ஏற்கெனவே உங்கள் வாசலில் இருக்கிறது. அதன் சொந்தக்காரர்களைத் தேடி இப்போது பலர் கிளம்பியிருக்கிறார்கள்.

கிளம்புவதில் தவறில்லை. கிளம்புகிற விதம்தான் எனக்குக் கவலை. கைபேசியில் ஒரு நீலப் பூவின் படம் வருகிறது. பார்த்தவுடன் மனம் போய்விடுகிறது. ஆன்லைனில் பணம் கட்டி, அது கப்பலேறி வந்து, ஆசையாய் நட்டு, ஜூலையில் தொட்டியைக் கிளறிப் பார்த்தால் உள்ளே கூழ். போர்ட் பிளேரின் சாத்தத்தில் எங்கள் தெருவிலேயே இது நடந்திருக்கிறது. கிழங்கு விற்றவரைத் திட்டுவோம், மழையைத் திட்டுவோம். அந்தச் செடி எந்த மலையில், எந்த மழையில் பிறந்தது என்று மட்டும் கேட்டிருக்க மாட்டோம்.

தென்னமெரிக்கா நம் இந்தியாவைப்போல ஐந்து மடங்குக்கு மேல் பெரிய கண்டம். அங்கே பாலைவனமும் உண்டு, பனிமலையும் உண்டு, வருஷம் முழுக்க ஈரம் சொட்டுகிற காடும் உண்டு. ‘தென்னமெரிக்கக் கிழங்கு’ என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றுமே சொன்னதாகாது. நமக்கோ வருஷத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப்போல இரண்டு மடங்கு. மே முதல் டிசம்பர் வரை ஈரம், ஜனவரி முதல் ஏப்ரல் வரை காய்ச்சல். குளிர் என்ற பேச்சே இல்லை. ஜனவரி இரவிலும் 22 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கிழங்கைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். சிலி நாட்டில் டெகோஃபிலியா என்று ஒரு பூ உண்டு. தரையை ஒட்டிப் பூக்கும் அடர்நீலம். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. காட்டில் அழிந்தே போய்விட்டது என்று பல்லாண்டு நினைத்திருந்து, 2001இல் சாந்தியாகோ நகருக்குத் தெற்கே மறுபடி கண்டுபிடித்தார்கள். அந்தக் கதையால் அதற்கு உலகமெங்கும் மவுசு. ஆனால் அந்த ஊரில் மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை வறண்டு கிடக்கும். நமக்கு நேர் தலைகீழ். குளிர் படாமல் அது பூக்காது. லூக்கோகோரைனி போன்ற மற்ற சிலிக் கிழங்குகளுக்கும் இதே பதில்தான். ஊட்டியில் இருப்பவர் வேண்டுமானால் முயலட்டும், சாத்தத்தில் வேண்டாம்.

அடுத்தது வோர்ஸ்லியா. நீல அமரில்லிஸ் என்று சொல்வார்கள். பிரேசிலில் ரியோ டி ஜெனீரோவுக்கு வடக்கே, பெத்ரோபோலிஸ் ஊரை ஒட்டிய மலைகளில், அருவிச் சாரல் தெறிக்கிற செங்குத்தான கருங்கல் பாறையில் ஒட்டிக்கொண்டு வளரும் செடி அது. அரிவாள் போல வளைந்த இலை, கத்தரிப்பூ நிறமும் நீலமும் கலந்த பூ. எப்போதும் ஈரம் வேண்டும், அந்த ஈரம் ஒரு நொடிகூட வேரில் தேங்கக் கூடாது. வெயில் வேண்டும், இரவில் மலைக்குளிர் வேண்டும். விதை போட்டால் பூ பார்க்கப் பத்தாண்டுக்கு மேலும் ஆகும். உலகத்தில் பெரிய பெரிய தோட்டக்காரர்கள் திணறுகிற செடி இது. சாரலும் ஈரமும் நம்மிடம் இருக்கின்றன, மலை இரவுக்கு எங்கே போவது? சேர்த்து வைத்த பணத்தை இதில் போடாதீர்கள் என்பதுதான் என் தீர்ப்பு.

சரி, நமக்கு எது? அமேசான் காடு. அந்தக் காட்டுச் செடிகளுக்கு நம் தீவு ஒத்துவருமா என்ற சந்தேகமே வேண்டாம். கச்சால் தீவைப் பாருங்கள். 1964ஆம் வருஷத்து சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த நம் தமிழ்க் குடும்பங்கள் அங்கே பால் வெட்டிப் பிழைத்தது எந்த மரத்தில்? ரப்பர். அது அமேசான் மரம். அந்த மரத்தின் நிழலில், காட்டுத் தரையில், இலைச்சருகுக்குள் புதைந்து கிடக்கும் ஒரு கிழங்கைத்தான் உங்களுக்கு முதலாவதாகச் சிபாரிசு செய்கிறேன்.

அதன் பெயர் யூகாரிஸ். அமேசான் லில்லி என்றும் கேட்டு வாங்கலாம். கொலம்பியா, ஈக்வடார், பெரு பக்கத்து மழைக்காடு அதன் வீடு. இலை அகலமாக, கரும்பச்சையாக, பளபளவென்று இருக்கும். பூ இல்லாத நாளிலும் வராந்தாவுக்கு அது அழகு. பூத்தண்டு ஒன்றரை, இரண்டு அடி உயரம் எழும். அதன் தலையில் நான்கைந்து வெள்ளைப் பூக்கள், தலை குனிந்தபடி, நடுவில் இளம்பச்சை ஓடிய ஒரு சின்னக் கிண்ணத்தோடு. வாசனை மெல்லியது, அந்தி நேரத்தில் பக்கத்தில் போய் நின்றால் தெரியும்.

இதற்கு நேர் வெயில் ஆகாது. காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டால் போதும், மற்ற நேரமெல்லாம் வெளிச்சமான நிழல். கிழக்குப் பார்த்த திண்ணை, மாமரத்தடி, தகரக் கூரையின் இறவாணத்துக்கு உட்புறம், இவை எல்லாம் ஏற்ற இடங்கள். இறவாணத்துக்கு நேர் கீழே மட்டும் வைக்காதீர்கள். தகரத்திலிருந்து கொட்டுகிற தண்ணீர் தொட்டி மண்ணையே தோண்டி எடுத்துவிடும். கிழங்கின் கழுத்து மண் மட்டத்தில் இருக்கும்படி நடுங்கள். ஒரு கிழங்கை மட்டும் பெரிய தொட்டியில் போட்டால் அது வேர் விட்டுக்கொண்டே இருக்கும், பூக்காது. எட்டு அங்குலத் தொட்டியில் நான்கு கிழங்கு நெருக்கமாக வையுங்கள். நெருக்கடி அதற்குப் பிடிக்கும். மூன்று, நான்கு வருஷம் தொட்டி மாற்றவே வேண்டாம்.

யூகாரிஸ் வளர்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: இலை தளதளவென்று இருக்கிறது, பூவைக் காணோமே? பதில் சுலபம். மூன்று வாரத்திலிருந்து நான்கு வாரம் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். அடியோடு நிறுத்த வேண்டாம். இலை லேசாகத் துவண்டு விழுகிறதா, அதுதான் கணக்கு. அப்போது நன்றாக நனைத்து, கொஞ்சம் மக்கிய எருவும் கொடுத்தால் சில வாரத்தில் தண்டு வரும். மழைக்காலத்தில் இந்தத் துவள வைக்கும் வேலை நடக்காது. சாரலே போதுமான ஈரம் கொடுத்துவிடும். அதனால் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு சுற்று, கூரைக்குள் வைக்க முடிந்தால் ஆகஸ்டில் ஒரு சுற்று. வருஷத்தில் இரண்டு முறை பூ பார்க்கலாம்.

இதே நிழலில் வைக்க, அபூர்வம் என்றே சொல்லத்தக்க இன்னொன்று கிரிஃபினியா. பிரேசிலின் கடலோர அட்லாண்டிக் காட்டுச் செடி. சின்னது, கையகல இலை, வெள்ளையும் நீலமும் கலந்த பூ. நீலத்துக்கு ஏங்குகிறவர்கள் வோர்ஸ்லியாவை விட்டுவிட்டு இதைத் தேடலாம், ஏனென்றால் இதன் காடு கடல் மட்டத்திலிருந்தே தொடங்குகிற சூடும் ஈரமுமான காடு. நர்சரியில் கிடைக்காது, சேகரிப்பவர்களிடம்தான் கிடைக்கும். விதை கிடைத்தால் அன்றைக்கே போட்டுவிட வேண்டும். அது சதைப்பற்றான வெள்ளை விதை; காய வைத்தால் செத்துவிடும். காய்ந்த கிரிஃபினியா விதை என்று யாராவது பொட்டலம் போட்டு விற்றால் வாங்காதீர்கள்.

இப்போது நம் பழைய சிவப்பு லில்லியின் குடும்பத்துக்கு வருகிறேன். செடிநூல்காரர்கள் ஹிப்பியாஸ்ட்ரம் என்பார்கள், கடையில் அமரில்லிஸ். இதில் காட்டு இனங்களே 90 பக்கம் இருக்கின்றன. பிரேசில் ஒரு பிறப்பிடம், பெரு–பொலிவியா மலைச்சரிவு இன்னொன்று. முதல் கலப்பினத்தை 1799இல் இங்கிலாந்தில் உருவாக்கியவர் ஆர்தர் ஜான்சன் என்கிற ஒரு கடிகாரக்காரர். கடிகாரம் பழுது பார்க்கிற கைக்கு மகரந்தம் எடுத்து வைக்கத் தெரியாதா என்ன! இன்று உலகமெங்கும் விற்கிற ஆயிரக்கணக்கான ரகங்களுக்கு அதுதான் தொடக்கம்.

டச்சுக்காரர்களின் பெரிய கிழங்கு வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள். முதல் வருஷம் தட்டு அளவு பூ, அடுத்த வருஷம் வெறும் இலை. இதற்குக் காரணம் கிழங்குக்கு உள்ளே இருக்கிறது. நீங்கள் வாங்கும்போதே பூமொட்டு உள்ளே உருவாகி முடிந்திருக்கும். அந்தப் பூ டச்சுத் தோட்டக்காரரின் உழைப்பு. உங்கள் உழைப்பு அடுத்த பூவில்தான் தெரியும். கிழங்கு ஏறக்குறைய நான்கு இலை விட்டபிறகு ஒரு பூமொட்டை உள்ளே வைக்கும். இன்னும் நான்கு இலை, இன்னொரு மொட்டு. இலை எண்ணிக்கைதான் பூக் கணக்கு. பூ முடிந்ததும் ‘அசிங்கமாகத் தொங்குகிறதே’ என்று இலையை வெட்டிவிடுகிறீர்களே, அடுத்த வருஷப் பூவை அங்கேயே வெட்டிப் போட்டாயிற்று. வாடிய பூத்தண்டை மட்டும் வெட்டுங்கள். இலைக்கு நல்ல வெயிலும் மாதம் ஒருமுறை எருவும் கொடுங்கள். மழைக்காலம் முழுக்க அது இலை வளர்க்கட்டும்.

டிசம்பர் கடைசியில் மழை விட்டதும் தண்ணீரைக் குறைத்து, ஜனவரி நடுவில் நிறுத்திவிடுங்கள். இலை மஞ்சளாகித் தானே விழும். பயப்பட வேண்டாம், தூங்கப் போகிறது. எட்டு வாரம், பத்து வாரம் தொட்டியைச் சாய்த்து ஒரு மூலையில் போட்டுவிடலாம். அந்த மாதங்களில்தான் நமக்குக் குழாயில் தண்ணீர் வருவதே பெரும்பாடு. தனிக்காரி அணை இறங்க இறங்க, இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்று நாளுக்கு ஒருமுறை என்று குடத்தை வைத்துக்கொண்டு காத்திருப்போம். ரோஜா வளர்க்கிறவர்கள் தவித்துப் போகிற காலம் அது. இந்தக் கிழங்குக்கோ அப்போது தண்ணீர் கொடுத்தால்தான் கெடுதல். போர்ட் பிளேர் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பூச்செடி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஸ்ரீ விஜயபுரம் என்று சொல்ல வேண்டுமோ? 2024இல் பெயர் மாறிவிட்டது, வாய்தான் இன்னும் மாறவில்லை.

ஏப்ரலில் முதல் கோடை மழை விழுந்ததும், அல்லது நீங்களே ஒரு சொம்பு ஊற்றியதும் மொட்டு கிளம்பும். நடும்போது கிழங்கில் பாதியாவது மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மெயின்லேண்டு யூட்யூப்காரர்கள் கழுத்து வரை புதைக்கச் சொல்வார்கள். அவர்கள் ஊர் மழைக்கு அது சரி. நம் மழைக்கு மூன்றில் இரண்டு பங்கு வெளியே இருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். கிழங்குக்கும் தொட்டி விளிம்புக்கும் இரண்டு விரல் இடைவெளி போதும்.

இந்தக் குடும்பத்தில் அபூர்வமாக வேண்டும் என்றால் ரெட்டிகுலேட்டம் என்ற இனத்தைத் தேடுங்கள். கிழக்கு பிரேசில் காட்டுச் செடி. கரும்பச்சை இலையின் நடுவே வெள்ளைக் கோடு ஓடும். ரோஜா நிறப் பூவில் வலை பின்னினாற்போல நரம்பு. இது நிழல் தாங்கும், வருஷம் முழுக்க இலையோடு இருக்கும். மற்றவற்றைப்போல இதைக் காயப்போட்டுத் தூங்க வைக்கக் கூடாது. இன்னொன்று பப்பிலியோ, வண்ணத்துப்பூச்சி லில்லி. தெற்கு பிரேசிலில் மரக்கிளை மேல் ஒட்டி வளர்வது. வெளிறிய பச்சையில் கருஞ்சிவப்புக் கீற்று. நாம் ஆர்க்கிட் கட்டுகிற மாதிரி தென்னை மட்டைத் துண்டு நிறைந்த கூடையில் தொங்கவிட்டு முயன்று பார்க்கலாம். தெற்கு பிரேசில் நம்மைவிடக் கொஞ்சம் குளிர்ந்த இடம் என்பதால் பூ குறைவாக வந்தாலும் சலித்துக்கொள்ளாதீர்கள்.

மழை லில்லியைச் சொல்லாமல் விட்டால் நேயர்கள் சண்டைக்கு வருவார்கள். புல் மாதிரி இலை, மழை விட்ட சில நாளில் தரை முழுக்கப் பூ. வெள்ளை மழை லில்லி அர்ஜென்டினா, உருகுவே பக்கத்து ஆற்றங்கரைச் செடி. தண்ணீர் தேங்கினாலும் தாங்கும் என்பதால் நம் வாசல் சாக்கடை ஓரத்துக்கும் ஏற்றது. பெரிய ரோஜா நிறப் பூ விடுகிற ரோபஸ்டா ரகம் பிரேசில், அர்ஜென்டினாவைச் சேர்ந்தது. இந்தச் சின்னப் பூவுக்கு நம் நாட்டில் ஒரு பெரிய சரித்திரம் உண்டு. வில்லியம் கேரி 1820இல் கல்கத்தாவில் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தில் சிட்னி பெர்சி லங்காஸ்டர் என்பவர் செயலாளராக இருந்தார். அவருடைய அப்பாவும் அதே சங்கத்தின் செயலாளர்தான். மழை லில்லியிலும் அதன் உறவினங்களிலும் அவர் அந்தக் கல்கத்தாப் புழுக்கத்திலேயே கலப்பினங்களை உருவாக்கினார். சுதந்திரத்துக்குப் பிறகு லக்னோ தாவரவியல் தோட்டத்துக்குப் போய் அங்கேயும் வேலையைத் தொடர்ந்தார். ஹாலந்தின் கண்ணாடி வீட்டில் பிறந்த ரகத்துக்கும் வங்காளத்துப் புழுக்கத்தில் பிறந்த ரகத்துக்கும் நடுவில் நமக்கு எது சரிப்படும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்களும் இதைச் செய்யலாம். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவின் சூல்முடியில் காலையில் தடவிவிடுங்கள். காய் வெடித்ததும் கறுப்பாக, காகிதம் போல மெல்லிய விதை இருக்கும். மழை லில்லிக்கும் சரி, ஹிப்பியாஸ்ட்ரத்துக்கும் சரி, விதை புதிதாக இருக்கும்போதே போட வேண்டும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்து அதன் மேல் விதையை மிதக்கவிட்டால் இரண்டு, மூன்று வாரத்தில் முளை கீழே இறங்கும். அதன்பிறகு மண்ணில் நடலாம். மழை லில்லி ஒரு வருஷத்தில் பூத்துவிடும், ஹிப்பியாஸ்ட்ரம் மூன்று வருஷமாவது எடுக்கும். நம் தீவிலேயே முளைத்த கிழங்குக்கு நம் மழை பழக்கமாகிவிடும். வெளியூர்க் கிழங்கு ஐந்து வாங்குவதைவிட, ஒன்று வாங்கி விதை எடுப்பதையே நான் சொல்வேன்.

மண் விஷயம் சாத்தத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1883இல் தொடங்கிய மரமில் நம் தீவில் இருக்கிறது, மரத்தூளுக்குப் பஞ்சமில்லை. அதனால் பலர் பச்சை மரத்தூளை அப்படியே தொட்டியில் கொட்டுகிறார்கள். செய்யாதீர்கள். மக்காத தூள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தான் இழுத்துக்கொள்ளும், இலை வெளிறும். படாக் மரத்தூளில் சாயம் வேறு இறங்கும். சாணத்தோடு கலந்து குவித்து, ஒரு மழைக்காலம் முழுக்க மக்கவிட்டு, கறுத்து மண்வாசனை வந்தபிறகு சேருங்கள். கடற்கரை மணலும் வேண்டாம். உப்பு கிழங்கைக் கெடுக்கும், அள்ளுவதும் குற்றம். பவளப்பாறைத் துண்டை வடிகாலுக்குப் போடுவது நம் ஊரில் பழைய வழக்கம். பவளம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, தொடவே கூடாது. அதோடு அது சுண்ணாம்பு. யூகாரிஸுக்கும் கிரிஃபினியாவுக்கும் லேசான புளிப்பு மண்தான் வேண்டும்.

பதிலாக எம்-சாண்ட் ஒரு பங்கு, செங்கல் சில்லும் அடுப்புக்கரியும் சேர்ந்து ஒரு பங்கு, அலசிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய சாண எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு, ஒரு கைப்பிடி எலும்புத்தூள். யூகாரிஸுக்கு நார்க்கழிவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், ஹிப்பியாஸ்ட்ரத்துக்குச் செங்கல் சில்லைக் கூட்டிக்கொள்ளுங்கள். தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் அடியோட்டை அடைபடாது. பாம்பூ பிளாட் படகுத்துறைப் பக்கம் வீடு உள்ளவர்கள், காற்று பலமாக அடித்த மறுநாள் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள். உப்புக்காற்று இலை நுனியைக் கருக்கும்.

எதிரிகளில் முதல் எதிரி ஆப்பிரிக்க நத்தை. ஜப்பானியர் காலத்தில் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எப்போது வந்திருந்தாலும் இன்று ஒரே இரவில் ஒரு தொட்டி மொட்டையும் தின்றுவிடுகிறது. மழை தொடங்கிய முதல் வாரங்களில் இரவு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், மனிதருக்கு நோய் தரும் புழு அதனிடம் உண்டு. கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். உப்புத்தண்ணீர் வாளியில் போட்டுவிட்டால் முடிந்தது. தொட்டி மண்ணில் உப்பைத் தூவுகிற வேலை மட்டும் வேண்டாம். ஈரச் சாக்கைத் தோட்டத்து மூலையில் விரித்து, மேலே பப்பாளி இலை போட்டு வைத்தால் விடியற்காலையில் அடியில் கூட்டமாக இருக்கும்.

இரண்டாவது எதிரி ஒரு கம்பளிப்புழு மாதிரி வரும். கறுப்பு உடலில் வெள்ளையும் செம்மஞ்சளுமாகப் புள்ளி. லில்லிப் புழு என்பார்கள். நம் கடற்கரையில் தானாக வளர்கிற விஷமூங்கில் செடியிலும் இதைப் பார்க்கலாம். கூட்டமாக இலை நுனியில் தொடங்கி, விட்டால் கிழங்குக் கழுத்துக்குள் இறங்கிவிடும். இலையின் அடியில் முட்டைக் குவியல் தெரிந்தால் அப்போதே நசுக்குங்கள். தப்பிவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். இலையிலும் தண்டிலும் சிவப்புக் கீறல் விழுந்து, செடி அந்தப் பக்கமாக வளைகிறதா? அது பூஞ்சாணம். மேலிருந்து நனைவதைத் தடுத்து, பட்ட இலையை எடுத்துவிட்டு, காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு இரண்டரை கிராம் தெளிக்கலாம். இலையில் மஞ்சள் திட்டுத்திட்டாக வந்தால் வைரஸ். மருந்து கிடையாது, செடியைத் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை. அதை வெட்டிய கத்தியையும் நெருப்பில் காட்டுங்கள். வேறு சந்தேகம் இருந்தால் பட்ட இலையோடு காரச்சர்மா போய் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள்.

எங்கே வாங்குவது? காலிம்போங் நர்சரிகள் கிழங்குக்குப் பேர்போனவை. தூங்குகிற ஹிப்பியாஸ்ட்ரத்தைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் போட்டால் சென்னைக் கப்பலின் மூன்று நாள் பயணம் அதற்கு ஒன்றுமே இல்லை. பிளாஸ்டிக் பையில் மட்டும் கட்டச் சொல்லாதீர்கள், வேர்த்து அழுகிவிடும். யூகாரிஸ் அப்படித் தூங்காது. இலையோடு, ஈர நாரில் சுற்றித்தான் வர வேண்டும். வெளிநாட்டுத் தளங்களில் ஆர்டர் போட்டுத் தபாலில் வரவழைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2003ஆம் வருஷத்துத் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் கிழங்கோ விதையோ கொண்டுவரக் கூடாது. தீவில் ஒரு புது நோய் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த நத்தையே சாட்சி. வானவில் நிற அமரில்லிஸ் விதை, கருநீல ஹிப்பியாஸ்ட்ரம் என்று வருகிற விளம்பரமெல்லாம் கணினியில் நிறம் பூசிய படம். அப்படி ஒரு பூ உலகத்தில் இல்லை. மிஞ்சிய கிழங்கைக் காட்டோரத்தில் கொட்டாதீர்கள், பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.

முடிக்கும் முன் முக்கியமான ஒன்று. இந்தக் கிழங்குகள் எல்லாமே விஷம். லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது. தின்றால் வாந்தி, பேதி, மயக்கம். ஜனவரியில் தொட்டியிலிருந்து எடுத்துக் காயவைக்கிறவர்கள் சமையலறைக்குள் கொண்டுபோகவே கூடாது. வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தால் அவசரத்தில் நறுக்குகிற கைக்கு வித்தியாசம் தெரியாது. பெயர் எழுதிய துணிப்பையில் போட்டு, குழந்தைக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். வெட்டியபிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். யாராவது தவறிச் சாப்பிட்டுவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல், மிச்சத் துண்டையும் கையோடு எடுத்துக்கொண்டு நேரே ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.